கால் களைக்கமுதல் களைப்பவை

சைக்கிளில் தூரம் போகிறவன் என்று தெரிந்தால் திருகோணமலையில் எவரும் முதலில் கேட்பது, "ஒரு நாளில் ஆகக் கூடினது எவ்வளவு ஓடியிருக்கிறீங்கள்?" என்றுதான். இதற்கு நேர்ப் பதில் சொல்வதை நான் விட்டுக் கனகாலம். ஓர் எண்ணைச் சொன்னால் கேட்பவர் அதைப் பக்கத்து வீட்டுப் பெடியன் ஓடிய தூரத்தோடு வைத்துப் பார்ப்பார், கதை அதோடு முடிந்துவிடும். எந்த மாதம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, யாரோடு போனது, அடுத்த நாள் வேலைக்குப் போக முடிந்ததா என்று கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. இவற்றில் ஒன்று மாறினாலே என் எல்லை இருபது முப்பது கிலோமீற்றர் முன்பின்னாக நகர்ந்துவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டியவன் நான். போட்டிக்கு ஓடுவதில்லை. சனி, ஞாயிறுகளில் விடிய வெளிக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குள் எவ்வளவு தூரம் அகப்படுகிறதோ அவ்வளவு.

எங்கள் ஊரில் அந்தத் தூரத்தை முதலில் தீர்மானிப்பது வெயில். ஆனி, ஆடி மாதங்களில் காலை 5:30க்கே ரோட்டுத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். 10:30க்குப் பிறகு தார் கொதிக்கத் தொடங்கும். இடையில் இருப்பது 5 மணித்தியாலம். தேத்தண்ணி குடிக்க நிற்பது, பாலத்தில் நின்று மீன்பிடிப்பவர்களோடு கதைப்பது எல்லாம் சேர்த்து எனக்கு மணிக்கு 18 கிலோமீற்றர் விழும். பெருக்கிப் பார்த்தால் 90. இந்த எண் வருவதற்கு என் தொடையின் பலத்தையோ சைக்கிளின் விலையையோ கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மாசியில் ஆறு மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும், ஆனால் வெயிலும் பிந்தித்தான் ஏறும். அப்போது நூறைத் தொடலாம்.

இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. வருடா வருடம் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர் எங்கள் ஊரைத் தாண்டி வெருகல், மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோடு இறங்குவார்கள். அவர்கள் நடக்கும் விதத்தைப் பார்த்தால் போதும். இருட்டோடு எழும்பி நடப்பார்கள், உச்சி வெயிலுக்கு ஏதாவது கோயில் மண்டபத்தில் படுப்பார்கள், பின்னேரம் மறுபடி கொஞ்சம் நடப்பார்கள். எழுபது வயது ஆச்சிமாரும் அதில் உண்டு. மத்தியான வெயிலில் ஹெல்மெட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போகிறவரை அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கே வீட்டில் இருந்திருக்கலாம்.

அடுத்தது காற்று. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை இங்கே கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து, தரையைத் தடவிக்கொண்டு, சூடாகவும் வறட்சியாகவும் வரும். விடிய அடங்கிக் கிடக்கும், எட்டு ஒன்பது மணிக்கு மேல் எழும்பும். புதிதாக ஓடுகிறவர்கள் இந்த மாதங்களில் நிலாவெளிப் பக்கம் போய்ச் சந்தோசப்படுவார்கள். சாம்பல்தீவு தாண்டி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று ரோட்டு வடக்கே ஓடும். மேடு பள்ளம் அதிகம் கிடையாது, காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அவர்களுக்குத் தங்கள் காலில் ஏதோ புதுப் பலம் வந்துவிட்டது என்று தோன்றும். குச்சவெளியில் சைக்கிளைத் திருப்பினால்தான் கணக்கு விளங்கும்.

கணக்கு இதுதான். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் உடம்பில் படும் காற்றும் 20. எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால் உடம்பில் படுவது 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், இரண்டு மடங்கு காற்று நான்கு மடங்கு தடையாகிவிடும். போகும்போது காற்று தந்த உதவி வரும்போது கழிந்து சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள் நிற்கும் நேரமும் கூடுகிறது. ஆகவே கச்சான் காலத்தில் நான் கந்தளாய்ப் பக்கம் போவேன். காற்று படுத்திருக்கும் நேரத்தில் தென்மேற்கே உழக்கி, அது எழும்பும் நேரத்தில் ஊரை நோக்கித் திரும்பிவிடுவேன். போய்வர 80 கிலோமீற்றர் அளவில் வரும். மாரி மழை ஓய்ந்த பிறகு, காற்று வடகிழக்கில் நிற்கும் மாசி, பங்குனியில் நிலாவெளி, குச்சவெளி. கிண்ணியாப் பாலம் எந்தக் காலத்திலும் ஒரு தனிக் கேஸ். 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்பு ஒன்றும் இல்லை. பக்கக் காற்றில் பஸ் ஒன்று கடந்து போனால் முதலில் உள்ளே இழுக்கும், பிறகு வெளியே தள்ளும். அந்த இடத்தில் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்திருப்பது நல்லது.

கச்சானில் இன்னொரு வில்லங்கம், வியர்ப்பது தெரியாது. வந்த வியர்வையைக் காற்று உடனே காயவைத்துவிடும். கறுப்புச் சேட்டில் தோளிலிருந்து முதுகு வரை வெள்ளையாக உப்புப் படிந்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். உங்கள் உடம்பு எவ்வளவு இழக்கிறது என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. வெளிக்கிட முன்னர் நிறை பாருங்கள், ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர். இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வெயிலில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் போவது சாதாரணம். அதற்காக வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் இறைத்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கித் தலையிடி, குமட்டல் என்று வேறு பக்கத்தால் பிரச்சினை வரும். என் சைக்கிளில் இரண்டு போத்தல்: ஒன்றில் தண்ணீர், மற்றதில் ஜீவனி என்ற உப்புச் சீனித் தூள் கரைத்தது. வழியில் செவ்விளநீர் கண்டால் அதையும் விடுவதில்லை.

இனி உடம்பு. நெடுந்தூரம் என்றால் கால்தான் முதலில் தோற்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நிதானமாக உழக்குகிறவனுக்குக் கால் ஆகக் கடைசியில்தான் தோற்கும். அதற்கு முன்னர் இருப்பிடம், உள்ளங்கை, நாரி, பிடரி, வயிறு என்று ஒவ்வொன்றாக மனுக் கொடுக்கும்.

இருப்பிடம். பாரம் இரண்டு இருப்பெலும்பிலும் விழ வேண்டும். மெத்தென்ற அகலமான சீட் கடையில் அழுத்திப் பார்க்கச் சுகமாக இருக்கும். இரண்டு மணித்தியாலத்தில் எலும்பு அதற்குள் புதைந்து, பாரமெல்லாம் நடுவிலுள்ள மென்சதையில் ஏறிவிடும். விறைப்பது அதனால்தான். கொஞ்சம் கடினமான, எலும்பின் அகலத்துக்குப் பொருந்தும் சீட் தூரத்துக்கு நல்லது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் பெடலில் எழும்பி நின்று ஓடினால் இரத்தம் ஓடும். உள்ளே மெத்தை தைத்த சைக்கிள் காற்சட்டை போட்டால் அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் விளிம்புதான் தோலை உரிப்பது. தொடையிடுக்கில் கொஞ்சம் வஸ்லின்.

அந்தக் காற்சட்டை எங்கள் ஊரில் வேறொரு சிக்கலையும் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு கிண்ணியாத் தேத்தண்ணிக் கடைக்குள் போவதற்கோ திரியாயில் ஒரு கோயில் வாசலில் நிற்பதற்கோ எனக்கு மனம் வராது. அதனால் கரியர் பையில் எப்போதும் ஒரு மெல்லிய சாரம் மடித்து வைத்திருப்பேன். கடைக்கு முன்னால் இறங்கியதும் இடுப்பில் சுற்றிவிடுவேன். கோயிலுக்கு அதுவே உடுப்பு, குளித்தால் துவாய், பஞ்சர் ஒட்டும்போது மண்ணில் விரிக்கும் பாய், வெயிலில் பிடரியை மூடும் துணி. இணையத்தில் நெடுந்தூரப் பயணத்துக்கு இன்னின்ன சாமான் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் ஒருவரும் சாரத்தைச் சொல்வதில்லை.

கை. மூன்று மணித்தியாலம் ஒரே பிடியில் ஓடினால் சின்ன விரலும் மோதிர விரலும் விறைக்கும். உள்ளங்கையின் வெளி ஓரத்தால் போகும் நரம்பு ஹாண்டிலில் நசிவதுதான் காரணம். பிடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நேர் ஹாண்டில் என்றால் இரண்டு முனையிலும் கொம்பு பூட்டலாம், அது பிடிக்க இன்னொரு இடம் தரும். ஓடி முடித்து இரண்டு மூன்று நாளாகியும் விரலில் உணர்வு திரும்பாவிட்டால் அடுத்த சனிக்கிழமையை விட்டுவிடுங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள். முழங்கால் சில்லைச் சுற்றி முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீட் பதிவாக இருக்கிறது, பின்மடிப்பில் நொந்தால் உயரமாக இருக்கிறது. குதிக்காலைப் பெடலில் வைத்துப் பெடல் ஆகக் கீழே போகும்போது கால் நீண்டு நேராக நிற்க வேண்டும்: இது தொடங்குவதற்கான அளவு. அதன்பிறகு கூட்டுவதும் குறைப்பதும் ஒரு தடவைக்கு அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். சரியான உயரம் கிடைத்ததும் சீட் தண்டில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். கடையில் கழற்றிப் பூட்டினால் அடையாளம் இருக்கும்.

வயிறு எல்லாருக்கும் ஒன்றல்ல. நூல்களில் உள்ளது, நீண்ட ஓட்டத்தில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருப்பது 400, 500 கிராமளவுதான், அது சில மணித்தியாலத்தில் கரைந்துவிடும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமளவில் வரும். எனக்கு வாழைப்பழம், பேரீச்சம்பழம், சீனி கூடின பிளேன்டீ, பணிஸ் ஒத்துவரும். இடியப்பமும் சொதியும்கூடச் சரி. கட்டைச் சம்பல் கூடாது, அடுத்த பத்துக் கிலோமீற்றருக்கு நெஞ்செரிப்பு. என்னோடு ஓடுகிற தம்பி ஒருவன் விடிய ஏழு மணிக்குக் கொத்து ரொட்டி அடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல உழக்குவான். அவன் வயிறு அப்படி. பசி எனக்கு வயிற்றில் தெரியாது, மனத்தில் தெரியும். அவன் பகிடி எரிச்சலாகத் தொடங்கினால் எனக்குச் சீனி இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு பழம் சாப்பிட்டதும் அதே பகிடி நன்றாக இருக்கும். கிண்ணியாவின் சட்டித் தயிரை மட்டும் ஓட்டத்தின் நடுவில் நான் தொடுவதில்லை. ஒரு சட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் பாணியோடு சாப்பிடுவேன். மூதூர்ப் பக்கம் போவதற்கு அதுவே பாதிக் காரணம்.

சைக்கிளைப் பற்றிக் கனக்கச் சொல்ல விருப்பமில்லை, அதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் வேண்டிய அளவு இருக்கிறார்கள். ஆனால் ஒன்று. நான் 26 அங்குலச் சில்லை விடாமல் வைத்திருப்பது பழமையில் உள்ள பற்றால் அல்ல. குச்சவெளி தாண்டினால் கடைகள் ஐதாகிவிடும். அங்கே ஒரு சின்னச் சைக்கிள் கடையில் அகப்படும் டியூப் அந்த அளவாகத்தான் இருக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள சைக்கிளோடு போனால் அங்குள்ள காற்றடிக்கும் பம்மின் வாய் அதில் பொருந்தாது. அதற்குப் பித்தளையில் விரல் நுனியளவு ஓர் இணைப்பு விற்கிறார்கள், வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். நிலாவெளிப் பக்கம் போய் வந்த பிறகு செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடாமல் தூங்கப் போகக் கூடாது. உப்புக் காற்று இரண்டு நாளில் சிவப்பாக்கிவிடும்.

இரவு ஓட்டம் எனக்கு இல்லை. பயம் என்று சொன்னாலும் சரி. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும், இருட்டிலும் விடியலிலும் கருக்கலிலும் இன்னும் கூடுதலாக வரும். காரில் இருப்பவனாவது கண்ணாடியை ஏற்றலாம். மற்றப் பக்கங்களில் யானை இல்லாத இடத்தில் மாடு. இரவில் தாரின் சூட்டுக்கு ரோட்டு நடுவே படுத்திருக்கும், கறுப்பு மாடு லைற்றில் கடைசி நேரத்தில்தான் தெரியும். இந்த ஒரு தீர்மானத்தோடு 300 கிலோமீற்றர், 400 கிலோமீற்றர் என்ற கதையெல்லாம் எனக்கு முடிந்துவிட்டது. அதில் வருத்தமும் இல்லை.

தம்பிக்கு அங்கேதான் ஆசை. பிரெவே என்ற வகை ஓட்டங்களைப் பற்றி எந்நேரமும் படித்துக்கொண்டிருப்பான். 200 கிலோமீற்றரை 13 மணித்தியாலம் 30 நிமிடத்துக்குள், 300ஐ 20க்குள், 400ஐ 27க்குள், 600ஐ 40க்குள் முடிக்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது, முடித்தாயா இல்லையா என்பதுதான். இவற்றுக்கெல்லாம் மேலே பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1200 கிலோமீற்றர், ஆகக் கூடிய நேரம் 90 மணித்தியாலம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை. 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. கணக்குப் பார்த்தால் 200க்கு மணிக்கு 15 கூட வேண்டாம், என் வேகத்துக்கே முடியும். ஆனால் அந்த மணிக்கூடு நிற்கும் நேரத்தையும் எண்ணும். தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. முடியுமா என்று பார்க்க முன்னர் பிடிக்குமா என்று பார்ப்பது என் வழக்கம், பிடிக்காததைச் செய்ய வேலை நாள் ஐந்து இருக்கிறது.

எண்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது எடிங்டன் எண். ஆதர் எடிங்டன் விண்ணியற்பியலாளர், 1919 சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குச் சான்று தேடியவர்களில் ஒருவர். சைக்கிள் பைத்தியமும்கூட. அவர் கணக்கு இப்படி: 60 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல், 60 வெவ்வேறு நாட்களில் ஓடியிருந்தால் உங்கள் எண் 60. அவர் மைலில் பார்த்தார், நமக்குக் கிலோமீற்றர் போதும். ஒரு நாள் வெறியில் 200 ஓடினாலும் இந்த எண் ஒன்றுக்கு மேல் கூடாது. 61க்குப் போக வேண்டுமென்றால் சரியாக 60 ஓடிய நாட்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். திரும்பத் திரும்ப ஓடக்கூடிய தூரம் எது என்பதை இது காட்டும். அதுதான் ஒருவருடைய எல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஒரு விசயத்தில் நானும் தம்பியும் ஒத்துப்போக மாட்டோம். நான் திரும்புவது நேரத்தைப் பார்த்து. எட்டு மணிக்கு எங்கே நிற்கிறேனோ அங்கே சைக்கிளைத் திருப்புவேன், இடத்தின் பெயர் எனக்கு முக்கியமில்லை. அவன் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பான். ஒருமுறை புல்மோட்டைக்கு என்று வெளிக்கிட்டோம், ஒரு வழிக்கு 55 கிலோமீற்றர் அளவில். திரியாய் தாண்டியதும் எட்டாகிவிட்டது.

"அண்ணா, இன்னும் பத்துக் கிலோமீற்றர்தான் கிடக்குது. இவ்வளவு வந்திட்டுத் திரும்புறதே?"

"பத்தில்லைத் தம்பி, போய்வர இருபது. அதுவும் பத்து மணி வெயில்ல."

அவன் போனான், நான் திரும்பினேன். அவனுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. புல்மோட்டையில் மீன் சோறு சாப்பிட்டு, மரத்தடியில் நித்திரை கொண்டு, பின்னேரம் நாலரைக்குப் பிறகு சுகமாக ஓடி வந்து சேர்ந்தான். நான் பதினொன்றுக்கு முன்னரே வீட்டில். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒழுங்கு: பிரிவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிந்தவர் வீடு சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி போட வேண்டும். ஆளுக்கொரு பம், ஆளுக்கொரு டியூப், ஆளுக்குரிய தண்ணீர். ஒருவரின் சாமானை நம்பி மற்றவர் ஓடினால் பிரிய முடியாது, பிரிய முடியாவிட்டால் இருவரில் ஒருவர் தன் அளவுக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் நான் வருவதில்லை. கூட்டத்தில் என் வேகம் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் கூடிவிடும், அந்தக் கடனை கடைசி இருபது கிலோமீற்றரில் தனியாகக் கட்ட வேண்டும்.

வருகிற மாசியில் தம்பி மட்டக்களப்புக்கு ஓடப் போகிறான். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோடு. முன்னர் படகுப் பாதையில் ஏறிக் கடந்த ஆறுகளுக்கெல்லாம் இப்போது பாலம் இருக்கிறது, காற்றும் அந்த மாதத்தில் அவன் முதுகுப் பக்கம். வெருகல் வரைக்கும் நானும் போகிறேன். சித்திர வேலாயுதரைக் கும்பிட்டுவிட்டு அவன் தெற்கே போகட்டும், என்னையும் சைக்கிளையும் ஏற்ற மைத்துனரின் பட்டா என்ற சின்ன லொறி வரும். எண்ணெய்க் காசு என் பொறுப்பு. வெளிக்கிடும் நேரத்தில்தான் இன்னும் இழுபறி. அவன் நாலரை என்கிறான், நான் ஆறு மணிக்கு ஒரு நிமிடமும் முந்த மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.